குனிந்து நிற்கத் தெரிந்தவர்

எனக்குக் குறை சொல்வதுதான் தொழில். பம்பு செட்டுக்கு வார்ப்பு போடும் ஃபவுண்டரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சூடு ஆறி வரும் ஒவ்வொரு வார்ப்பையும் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, எங்கேயாவது காற்றுப் பொத்தல் இருந்தால் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவேன். வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சாக்பீஸ் கையைவிட்டு இறங்குவதில்லை. ரசத்தில் புளி தூக்கல், கதவுக் கீலுக்கு எண்ணெய் போடவில்லை, எதிர்வீட்டுக்காரர் வண்டியைக் கோணலாக நிறுத்துகிறார். "ஏனுங்க, வாயைத் தொறந்தாலே ரிஜெக்ட்டுத்தானா?" என்று மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி என்று எனக்கே தெரியும்.

இப்படிப்பட்ட என்னை வாரத்தில் இரண்டு மணி நேரம் வாயடைத்து வைத்தது ஸ்னூக்கர். ஹோப்காலேஜ் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு டயர் கடைக்கு மேல், முதல் மாடியில், இரண்டே மேஜைகள் போட்ட ஒரு கூடம். மாடிப்படி ஏறும்போதே அவிநாசி ரோட்டின் இரைச்சல் பாதியாகிவிடும். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் மிச்சமும் போய், பந்தும் பந்தும் முட்டும் சத்தம் மட்டும் இருக்கும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் இதைப் பிடித்துக்கொண்டேன். பச்சைத் துணிமேல் குனிந்து வெள்ளைப் பந்தையே பார்க்கும் அந்தச் சில நொடிகளில், என் தலைக்குள் சதா கத்திக்கொண்டிருக்கிற ஆள் கொஞ்சம் ஓய்ந்து உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி எப்போது வரும் என்று திங்கட்கிழமையே நினைக்கத் தொடங்கிவிடுவேன்.

ஆட்டத்தை நான் போன் வீடியோ பார்த்துப் படித்தேன். எப்படி நிற்பது என்பதுதான் முதல் பாடம் என்றார்கள். வலது கால், பந்தை அடிக்கும் க்யூ குச்சி போகும் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். வலது முட்டியை விறைப்பாகப் பூட்ட வேண்டும். இடது காலை முன்னால் வைத்து லேசாக மடக்கி, முகவாய் க்யூவில் படும்வரை குனிய வேண்டும். நான் விடுவேனா? வண்டி நிறுத்தும் இடத்தில் சாக்பீஸால் இரண்டு பாதங்களை வரைந்து, டேப் வைத்து அளந்து, ஒரு மாதம் குச்சியை வைத்துக்கொண்டு அதன்மேல் நின்று பழகினேன். கூடத்தில் போய் நின்றபோது வீடியோவில் பார்த்தபடியே அச்சாக இருந்தது. அதில் எனக்குப் பெருமையான பெருமை.

அந்த நேரத்தில்தான் கருமத்தம்பட்டிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். எட்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிறவர். வயது என்னுடையதுதான், ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு விடுமுறை என்பதால் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வண்டியில் வந்துவிடுவார். முதல்நாள் அவர் குனிந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு முட்டியும் மடங்கியிருக்கிறது, பாதங்கள் அகலமாக, இடுப்பு பின்னால் தள்ளிக்கொண்டு, பஸ்ஸில் சீட்டு காலியாகும் என்று நம்பிப் பாதி உட்கார்ந்துவிட்ட ஆளைப் போல நிற்கிறார். வார்ப்பாக இருந்திருந்தால் அப்போதே பெருக்கல் குறி போட்டிருப்பேன்.

போடாமலும் இல்லை. "அப்படி நிக்கக் கூடாதுங்க. வலது முட்டியை நேராப் பூட்டுங்க. இடுப்பை உள்ள வாங்குங்க" என்று அவர் கேட்காமலேயே பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

"அப்படீங்களா? இப்புடி நின்னாச் சரீங்களா?"

"இன்னும் கொஞ்சம். கால் கோணலா இருக்குது பாருங்க."

என் செருப்பு நுனியால் அவர் பாதத்தை நகர்த்திக்கூட வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் முகம் சுளிக்கவே மாட்டார். சொன்னபடி விறைத்து நிற்பார், அடிப்பார், பந்து குழியின் உதட்டில் முட்டித் திரும்பி வரும். "தோத்துப்போட்டேனுங்க. நீங்க நல்லா ஆடுனீங்க" என்று சிரித்தபடி கை கொடுப்பார். கிட்டத்தட்ட ஒரு வருடம், வாரம் தவறாமல் என்னிடம் தோற்றார். "பாவம், நான் சொல்லச் சொல்லத்தான் அந்தாளுக்கு ஆட்டமே கொஞ்சம் புடிபடுது" என்று வீட்டில் வேறு அளந்துகொண்டிருந்தேன்.

இதற்கு நடுவே என் முதுகு மக்கர் பண்ணத் தொடங்கியது. ஒரு ஆட்டத்தை பிரேம் என்பார்கள்; முதலில் மூன்றாவது பிரேம் ஆடும்போது இடுப்பில் ஒரு பிடிப்பு. பிறகு அது இரண்டாவது பிரேமுக்கு வந்தது. பிறகு இடுப்பிலிருந்து கிளம்பித் தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் சுரீரென்று இறங்கியது. ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவேன். எலும்பு டாக்டர் அம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்றார். என்ன விளையாட்டு என்று கேட்டார். சொன்னேன்.

"குனிஞ்சே ஆடற ஆட்டமாச்சுங்களே. ஒரு மாசம் பார்க்கலாம். நிக்கற விதத்தை மாத்திப் பாருங்க. வலி காலுக்கு இறங்காம நின்னுட்டாப் பிரச்சினை இல்லை. அப்பவும் இறங்குச்சுன்னா ஆட்டத்தை விட்டுருங்க." என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஒன்று சொன்னார். "கேரம் ஆடுங்களேன், உக்காந்துட்டே ஆடலாம்."

கேரம்! அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அந்த வார்த்தைக்காகவே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் போய்விட்டால் வாரம் முழுக்க நான் நானாகவே இருக்க வேண்டும். அதை வீட்டில் இருப்பவர்களும் தாங்க மாட்டார்கள், நானும் தாங்க மாட்டேன்.

காலைக் கிட்டே வைத்துப் பார்த்தேன், எட்டி வைத்துப் பார்த்தேன். இடுப்பில் பெல்ட் கட்டினேன். குதிகால் உயர்ந்த ஷூ ஒன்று வாங்கினேன். ஆனால் வலது முட்டியின் பூட்டை மட்டும் நான் அவிழ்க்கவில்லை, அது பாடமாயிற்றே. இரண்டு ஞாயிறு இப்படிப் போயின. இரண்டு தடவையும் வலி கெண்டைக்கால் வரை வந்து விசாரித்துவிட்டுத்தான் போனது.

மூன்றாவது ஞாயிறு போகவே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிட்டேன். நாலு மணி வாக்கில், மனைவி துணி மடிக்கும் லட்சணத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். "ஆடுனாலும் ஆடாட்டியும் மொதல்ல கெளம்புங்க" என்று வண்டிச் சாவியைக் கையில் திணித்தாள். சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கருமத்தம்பட்டிக்காரர் எனக்கு முதுகு காட்டி நின்று, மருந்துக்கடைக்காரர் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தார். நான் திருத்தி வைத்த விறைப்பு எதுவும் அந்த உடம்பில் இல்லை. முட்டிகள் இரண்டும் இளகியிருந்தன. இடுப்பு பின்னால் போயிருந்தது. முதுகு வளையாமல் நீளமாகக் கிடந்தது. பாரம் முழுவதையும் தொடைகள் வாங்கிக்கொண்டதால் தோளும் கையும் வேலையற்றுக் காற்றில் கிடப்பதுபோல லேசாக இருந்தன. வலது முழங்கை ஒன்றுதான் அசைந்தது. ஒரு சிவப்பு உள்ளே போனது. கறுப்பு போனது. வெள்ளைப் பந்து அடுத்த சிவப்புக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னபடி நின்றது. அவர் நிமிர்ந்து, இரண்டு எட்டு நடந்து, மறுபடி அதே மாதிரி இறங்கினார். இறங்குவதில் அவசரம் இல்லை, எழுவதில் சிரமம் இல்லை. சிவப்பு, நீலம், சிவப்பு, கறுப்பு. என்னிடம் ஒரு பிரேமில் பன்னிரண்டு பாயிண்டு தேறாத மனிதர் ஒரே மூச்சில் ஐம்பத்திரண்டு எடுத்தார்.

எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கை சாக்பீஸைத் தேடாத சந்தர்ப்பம் அபூர்வம். அவ்வளவு அழகாக ஒருவர் நிற்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அழகு மனதில் இறங்கியதும் பின்னாலேயே கோபமும் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என்னைப் பார்த்தவுடன் அவர் இரண்டு முட்டியையும் நேராக்கினார். நிஜமாகவே நேராக்கினார், வாத்தியாரைக் கண்டதும் எழுந்து நிற்பதைப் போல.

"அட, வாங்க. இன்னைக்கு வல்லைன்னு நெனச்சுப்போட்டேனுங்க."

"இப்பத்தான் பழகுனீங்களா இதை?" என்று கேட்டேன்.

அவர் மேஜை விளக்கைப் பார்த்தார். பதில் மருந்துக்கடைக்காரரிடமிருந்து வந்தது. "நீங்க போன பொறகு எங்ககூட அவரு எப்பவும் இப்புடித்தானுங்க ஆடுவாரு. உங்ககூட ஆடுறப்ப மட்டுந்தான்..." என்று தொடங்கியவர், அதற்கு மேல் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, க்யூ நுனிக்குச் சுண்ணக்கட்டி தேய்க்கப் போய்விட்டார். கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை.

"ஒரு வருஷமா என்கிட்ட வேணும்னே தோத்தீங்களா?"

"வேணும்னே இல்லீங்க. நீங்க சொன்ன மாதிரி நின்னனுங்க, பந்து போகலீங்க. அவ்வளவுதான்."

"அப்ப உங்க வழியில நிக்கறதுதானே!"

"எப்புடீங்க நிக்கறது? நீங்க எம்மேல அக்கறைப்பட்டுச் சொல்றீங்க. அதைத் தட்டிப்போட்டு என்ற இஷ்டத்துக்கு நின்னா உங்க மனசு சங்கடப்படுமில்லீங்களா? தோத்தாத் தோத்துட்டுப் போறமுங்க, அடுத்த வாரம் ஆடிக்கலாம்."

எங்கள் ஊர்ப்பக்கம் மரியாதைக்குப் பேர்போனது என்று வெளியூர்க்காரர்களிடம் நானும் பெருமை பேசியிருக்கிறேன். அந்த மரியாதை ஒரு மனிதனை ஒரு வருடம் தப்பாக நிற்க வைக்கும் என்று யோசித்ததில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, அவர்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. நானாக இருந்தால் ஒரு ஞாயிறுகூடப் பொறுத்திருக்க மாட்டேன்.

கோபம் வடிந்ததும் முக்கியமானது ஞாபகம் வந்தது. இவர் என்னை ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறார். என் குறை இவருக்குத் தெரியாமல் இருக்காது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன், இன்னும் இரண்டு வாரந்தான் பாக்கி என்பதையும் சொன்னேன். "நான் நிக்கறதுல என்ன தப்புன்னு சொல்லுங்க" என்று கேட்டு, மேஜைமேல் குனிந்தும் காட்டினேன்.

"உங்களுக்கென்னங்க, நீங்க நல்லாத்தானுங்க நிக்கறீங்க."

"நல்லா நின்னா ஏனுங்க வலிக்குது?"

"அது... வயசானா வர்றதுதானுங்க."

நயமாகக் கேட்டேன், சீறியும் கேட்டேன். நல்லாத்தானுங்க, நல்லாத்தானுங்க என்பதைத் தாண்டி அந்த நாக்கு வரவில்லை. ஊரில் உள்ள வார்ப்புக்கெல்லாம் பெருக்கல் குறி போடுகிறேன், என்மேல் ஒன்று போட ஆள் கிடைக்கவில்லை. நான் சுவரைப் பிடித்துப் படியிறங்குவதை அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கீழே போய்ச் சேர்ந்ததும் குரல் கொடுத்தார். "ஏனுங்க, புதன்கெழமை நம்ம ஊட்டுப்பக்கம் ஒரு எட்டு வாங்களேன். தறி பாத்துட்டுப் போலாம்."

எதற்குத் தறி என்று புரியாவிட்டாலும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போனேன்.

வீட்டை ஒட்டியே ஓட்டுக்கூரை போட்ட நீளமான கூடம். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஃபவுண்டரியில் பழகிய காது என்னுடையது, அதற்கே அந்தச் சத்தம் அதிகம். திடீரென்று ஒரு தறி நின்றுபோனதும் அவர் போய்க் குனிந்தார். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு இழை அறுந்திருந்தது. முட்டியை இளக்கி, இடுப்பைப் பின்னால் விட்டு, தொடையைத் தறியின் முன்கட்டையில் சாய்த்து, முதுகை நீட்டிக்கொண்டு, தலைமுடி கனத்தில் இருக்கிற அந்த இழையை எடுத்துப் பிணைத்தார். நான் ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு வெளியே நின்று பார்த்து மலைத்தேனே, அதே நிலை. அரைக் கால்சட்டைப் பருவம் தாண்டியதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாத அளவுக்கு, இந்த மனிதர் இப்படிக் குனிந்து நிமிர்ந்திருக்கிறார். அவரைத்தான் நான் செருப்பு நுனியால் திருத்தினேன்.

"முதுகு வலிக்காதுங்களா?" என்று கத்தினேன். காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அங்கே பேச்சுக்கு வேலையில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. எல்லாம் கைதான். கடைசித் தறியில் நின்ற அம்மா ஒருவர் ஏதோ கேட்பதுபோலக் கையைத் தூக்கினார். இவர் உள்ளங்கையைக் கவிழ்த்து இடவலமாக ஒரு வெட்டு வெட்டினார். வேண்டாம், தப்பு. அந்த அம்மா வேறு நூலை எடுத்துக் காட்டினார். இவர் முஷ்டியை முன்னால் ஒரு தள்ளு தள்ளினார். சரி, ஓட்டு. தறி ஓடியது. கொஞ்சம் கழித்து இவர் ஒரு தறியின் பக்கத்தில் கையை வைக்கப் போக, அதே அம்மா தன் இடத்திலிருந்தே இவரைப் பார்த்து அதே வெட்டு வெட்டினார். முதலாளி கையை எடுத்துக்கொண்டார். யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். 'இல்லை' என்று சொல்லவே வராத மனிதர் அரைமணி நேரத்தில் இருபது தடவை இல்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய மரியாதை எல்லாம் நாக்கோடு சரி, கைக்கு வரவில்லை.

அவர் எதற்காகக் கூப்பிட்டார் என்பதும் புரிந்தது. வாயால் சொல்ல முடியாததை நின்று காட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். வெளியே வந்து காபி குடித்தபோதுகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை எப்படி, வீட்டில் எப்படி என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு முன்பே கூடத்துக்குப் போய்விட்டேன். அவர் வந்ததும், பந்து அடுக்குவதற்கு முன்னால், மேஜையில் வெள்ளைப் பந்தை வைத்துக் குனிந்தேன். முட்டியின் பூட்டை அவிழ்த்து, தறியில் அவர் நின்றதை நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்தவரை இடுப்பைப் பின்னால் விட்டேன். ஒரு வருடமாக அவர் என்னிடம் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன்.

"இப்புடி நின்னாச் சரீங்களா?"

"நல்லாத்தானுங்க..." என்று தொடங்கினார்.

"வாயில வேண்டாமுங்க. இது தறின்னு வெச்சுக்கங்க, எட்டும் ஓடுது. எனக்குக் காது கேக்காது. கையில சொல்லுங்க."

அவர் தயங்கினார். கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். அவர் பின்னால் இரண்டு எட்டு வைத்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உள்ளங்கை கவிழ்ந்தது. இடவலமாக ஒரு வெட்டு.

இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. சிரித்துச் சமாளித்தேன். அதற்குப் பிறகு அந்தக் கை நிற்கவில்லை. வலது பாதத்தைத் தள்ளு என்றது. தள்ளினேன். வெட்டியது. இன்னும் தள்ளினேன். முட்டி இரண்டும் இன்னும் இறங்கட்டும் என்றது. தோளைத் தளர்த்து என்று தன் தோளையே தட்டிக் காட்டியது. முகவாயை இவ்வளவு தாழ்த்தாதே என்று இரண்டு விரலால் உயரம் காட்டியது. அவர் என்னைத் தொடக்கூட இல்லை, செருப்பு நுனியை நீட்டவும் இல்லை. எத்தனை வெட்டு விழுந்தது என்று எண்ணவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கட்டத்தில் பாரம் முதுகிலிருந்து இறங்கித் தொடைக்குப் போவதை உணர்ந்தேன். கைகள் லேசாகின. வெள்ளைப் பந்து கண்ணுக்கு நேராக, தெளிவாக இருந்தது. அவரைப் பார்த்தேன். முஷ்டி முன்னால் ஒரு தள்ளு தள்ளியது.

ஓட்டு.

அடித்தேன். அன்று மூன்று பிரேம் ஆடினோம். அவர் தன் வழியில் நின்றார், நான் என் வழியைத் தேடிக்கொண்டு நின்றேன். மூன்றிலும் தோற்றேன். மூன்றாவதில் அவர் அறுபத்தெட்டு, நான் ஒன்பது. அப்படி ஒரு தோல்வியை நான் வாங்கியதும் இல்லை, அவ்வளவு நிம்மதியாக ஒரு ஆட்டத்தை முடித்ததும் இல்லை. நிமிர்ந்தபோது இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு இருந்தது. கெண்டைக்காலில் ஒன்றும் இல்லை. நின்று, நடந்து, மறுபடி நின்று பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

படியிறங்கும்போது சுவரைத் தொடவில்லை என்பதை டயர் கடை வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அவர் வண்டியை எடுத்துத் திருப்பி நிறுத்திவிட்டு வழக்கம்போலக் கை கொடுத்தார்.

"வாரேனுங்க. நீங்களும் நல்லாத்தானுங்க ஆடுனீங்க."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொடையோரம் தொங்கிய அவருடைய இடது கையைப் பார்த்தேன். உள்ளங்கை மெதுவாகக் கவிழ்ந்து இடவலமாக அசைந்தது.